சைக்கிளில் காசு மட்டும் வருவதில்லை

நல்ல காரியம் ஒன்றுக்காகச் சைக்கிள் ஓடுவது எங்கட ஊர்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை, நாலு நாள், ஐந்து நாள், சில நேரம் ஒரு கிழமை. சேரும் காசு வைத்தியசாலை ஒன்றின் இயந்திரத்துக்கோ, பிள்ளைகளின் படிப்புக்கோ போகிறது. இதில் எங்களுக்கு முழு உடன்பாடு. எங்களில் பலர் ஓடுகிறோம், ஓடாதவர்கள் தண்ணிப் போத்தலோடு றோட்டில் நிற்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரையைச் சைக்கிள் சவாரிகளுக்கு எதிரானது என்று யாரும் எடுக்க வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கதைக்க வேண்டியிருக்கிறது. இப்படியான சவாரி ஒன்றின் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பாதை வரைபடம் இருக்கும், ரீசேட்டின் நிறம் இருக்கும், ஸ்பொன்சர் பெயர்கள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பது இருக்கும். ரியூப் வெடித்தால் ஒட்டுவதற்கு ஆள், விழுந்து முழங்கால் உரசினால் மருந்து கட்ட ஆள், பின்னால் வர ஒரு வான். எல்லாம் சரி. இரண்டாம் நாள் இரவு ஒருவர் சத்தி எடுக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பது மட்டும் அநேகமாக எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. மூன்றாம் நாள் காலையில் ஆறு பேர் சத்தி எடுத்தால் என்ன செய்வது என்பது அறவே இருக்காது.

இதை ஒரு சின்னக் குறையாக நாங்கள் பார்க்கவில்லை. நோய்வாய்ப்பட்டவர்களின் பெயரைச் சொல்லிக் காசு சேர்க்கும் ஒரு நிகழ்வு, நோயைப் பரப்பாமல் இருப்பதைத் தன் முதல் கடமையாக வைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஒரு நாள் ஓட்டமும் ஐந்து நாள் ஓட்டமும் ஒன்றல்ல

ஒரு நாள் ஓட்டத்தில் யாருக்காவது ஏதாவது தொற்றினாலும் பின்னேரம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோய் வெளியே தெரியும்போது அவர் தன் கட்டிலில் இருப்பார். பல நாள் சவாரி அப்படி இல்லை. அதே ஐம்பது, நூறு பேர் ஒரே பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒரே வாளியில் தண்ணி அள்ளுகிறார்கள், ஒரே அகப்பையைப் பிடித்துச் சோறு போடுகிறார்கள், விடிய நாலரைக்கு இரண்டே இரண்டு மலசலகூடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் நோரோவைரஸ் என்ற கிருமியைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது. உலகம் முழுக்க வயிற்றோட்டமும் சத்தியும் கூட்டமாகப் பரவுவதற்கு முக்கிய காரணம் இதுதான். மிகக் கொஞ்சக் கிருமி வாய்க்குள் போனாலே போதும், ஒருவரைப் படுக்கப் போட்டுவிடும். உள்ளே போய் 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வேலையைக் காட்டும். இந்தக் கணக்கைச் சவாரியோடு பொருத்திப் பாருங்கள். முதல் நாள் மத்தியானம் ஒருவரிடமிருந்து தொற்றினால், முதல் நாள் நள்ளிரவுக்கும் மூன்றாம் நாள் மத்தியானத்துக்கும் இடையில் அடுத்த கூட்டம் விழும். அந்தக் கூட்டம் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாம் நாள் வீடு போகும். வீட்டில் அம்மம்மா இருப்பார், கைக்குழந்தை இருக்கும்.

இன்னொன்று. இந்தக் கிருமியை, நாங்கள் கொரோனாக் காலத்தில் கையில் பூசிப் பழகிய சனிடைசர் ஒழுங்காகக் கொல்லாது. சவர்க்காரமும் ஓடுகிற தண்ணியும்தான் வேண்டும். மேசை மேசையாக ஜெல் போத்தல் வைத்துவிட்டு, 'சுகாதார ஏற்பாடு பக்காவாகச் செய்தோம்' என்று சொல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூச்சால் பரவுகிற நோய்களுக்கும் இதே கதைதான். 2020 பெப்ரவரியில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஏழு நாள் சைக்கிள் ஓட்டப்போட்டி ஒன்று நடந்தது. உலகின் முதல்தரத் தொழில்முறை வீரர்கள் கலந்துகொண்ட போட்டி. ஐந்தாம் நாளோடு அதை நிறுத்த வேண்டி வந்தது. கொரோனாச் சந்தேகத்தில் வீரர்களும் ஊழியர்களும் ஹொட்டலுக்குள்ளேயே அடைக்கப்பட்டார்கள். சில அணிகள் நாட்கணக்கில் வெளியே வர முடியாமல் இருந்தன. தனித்தனி அறை, தனிச் சமையல், சொந்த வைத்தியர் என்று எல்லாம் இருந்த அணிகளுக்கே அந்த நிலை. மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கிற எங்களுக்கு?

றோட்டுச் சேறும் வாயும்

நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு மட்டும்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். றோட்டிலிருந்தும் வரும். சைக்கிள்காரருக்கென்றே இருக்கிற ஒரு வழி இது.

2007 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒன்று மழைச் சேற்றில் நடந்தது. முடிந்த சில நாட்களில் ஓடியவர்கள் வரிசையாக வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். பிறகு செய்த ஆய்வில் சேர்க்கப்பட்ட 537 பேரில் 225 பேருக்கு வருத்தம். காரணம் கம்பைலோபக்டர் என்ற பக்டீரியா. அது வந்த வழி, வாய்க்குள் தெறித்த சேறு. அடுத்த வருடமே, 2008 இல், வேல்ஸ் நாட்டின் பில்த் வெல்ஸ் பகுதியில் அதே கதை. செம்மறி ஆடுகள் மேய்ந்த நிலம், மழை, சேறு. விசாரணைக்குப் பதில் சொன்ன 347 பேரில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு வருத்தம்.

எங்கட றோட்டுகளில் செம்மறி குறைவாக இருக்கலாம். மாடு? ஏ9 வீதியில் விடியப் போனவர்களுக்குத் தெரியும், மாடுகள் படுத்தெழும்புகிற இடமே தார் றோட்டுத்தான். மாரி மழையில் அந்தச் சாணி கரைந்து ஓடும். முன்னால் போகிறவரின் பின் சில்லு அதை நேராக எங்கட முகத்துக்கும், சட்டத்தில் செருகியிருக்கும் போத்தலின் வாய்க்கும் அடிக்கும். பிறகு அந்தப் போத்தலைத்தான் எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுகிறோம்.

எங்கட அப்பாமார் ஓடிய லுமாலாச் சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் மட்கார்ட் இருந்தது. இப்போதைய ரேசிங் சைக்கிளில் பாரம் குறைய வேண்டும் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். போட்டிக்கு அது சரி. காசு சேர்க்க ஓடுகிற சவாரியில் அரைக் கிலோ பாரத்தைக் குறைத்து யாரை முந்தப் போகிறோம்? மழைக் காலத்துச் சவாரி என்றால் மட்கார்ட் கட்டாயம் என்று விதி போடலாம். மூடியுள்ள போத்தல்தான் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லலாம். அண்ணாந்து குடிக்கிற பழக்கம் எங்கட வீடுகளில் இன்றும் இருக்கிறது. செம்பில் வாய் வைத்தால் அம்மம்மாவிடம் ஏச்சு வாங்காத ஆள் யார்? அந்தப் பழக்கம் சவாரி முகாமுக்கு அப்படியே பொருந்தும். ஒருவரின் போத்தலை இன்னொருவர் வாங்கிக் குடிப்பது நட்புத்தான். வாய் படாமல் குடித்தாலும் அது நட்புத்தான்.

வெள்ளம் தேங்கின இடங்களுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும், வழியில் வாய்க்காலைக் கண்டவுடன் இறங்கிக் குளிப்பதும் இன்னொரு ஆபத்து. 2000 ஆம் ஆண்டு போர்ணியோத் தீவின் சபா மாநிலத்தில் பல நாள் சாகசப் போட்டி ஒன்று நடந்தது. முந்நூறு பேரளவில் கலந்துகொண்டார்கள். பின்னர் தொடர்புகொண்டு விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள். ஆற்றுத் தண்ணிதான் காரணமாகக் காணப்பட்டது. எலிக்காய்ச்சலை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்தது. காலில் உராய்ந்த காயத்தோடு வயல் தண்ணிக்குள் இறங்கினால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. வயல் வேலை செய்கிறவர்களுக்கு முன்தடுப்புக் குளிசை கொடுக்கும் ஏற்பாடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் ஓடத்தான் வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம். தாங்களாகக் குளிசை வாங்கிப் பகிரக் கூடாது.

சோத்துப் பார்சலும் அன்பும்

எங்கட சனத்தின் அன்பு சாப்பாட்டில்தான் வெளிப்படும். சவாரி வருகிறது என்றால் சந்திக்குச் சந்தி மோர், சர்பத், வெட்டின வத்தகப்பழம், வடை. இதை வேண்டாம் என்று முகத்தை முறிப்பது எங்களாலும் முடியாது, முறிக்கவும் கூடாது. ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்து வாங்கலாம். கொதிக்கக் கொதிக்கத் தரும் பிளேன்ரீ பாதுகாப்பானது. கண்முன்னால் சீவித் தரும் இளநீர் பாதுகாப்பானது. தோலோடு தரும் வாழைப்பழம், தோடம்பழம் பாதுகாப்பானவை. கிணத்துத் தண்ணியில் கரைத்து ஐஸ் போட்ட சர்பத்தும், காலையில் வெட்டி ஈ மொய்க்க வைத்த பழமும் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு கிணத்துக்குப் போய்ச் சேர்வது லேசு. தண்ணி பளிங்கு மாதிரித் தெரிந்தாலும் கொதிக்க வைக்காமல் நம்ப முடியாது. சவாரிக்கு ஒரு கிழமை முன்பே வழியிலுள்ள சனசமூக நிலையங்களோடு கதைத்து, 'தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் பிளேன்ரீயும் வாழைப்பழமும் தாங்கோ, அதுதான் அவைக்கு ஓட நல்லது' என்று சொன்னால் சனம் சந்தோஷமாகச் செய்யும். யாருடைய மனமும் நோகாது.

மத்தியானச் சோத்துப் பார்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடிய ஐந்து மணிக்குச் சமைத்து, சூட்டோடு சூடாக லன்ச் ஷீற்றில் கட்டி, பெட்டியில் அடுக்கி, வெயிலில் நிற்கிற வானில் ஏற்றி, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிரித்தால் அதற்குள் கிருமி பெருக ஒன்பது மணித்தியாலம் கிடைத்திருக்கிறது. சோற்றில் வளரும் சிலவகைப் பக்டீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த சாப்பாடு வெளிச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பொதுவான விதி. அப்படியென்றால் மத்தியானச் சாப்பாடு மத்தியானம் நிற்கிற ஊரிலேயே சமைக்கப்பட வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான். நாற்பது பேர் வயித்தாலடியில் படுப்பதை விட அது குறைந்த அலைச்சல்.

சமைக்கிறவர்களையும் பரிமாறுகிறவர்களையும் மறக்கக் கூடாது. 2018 இல் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் நோரோவைரஸ் முதலில் வாட்டியது வீரர்களையல்ல. பாதுகாப்பு ஊழியர்களை. ஏறத்தாழ 1,200 பேரை வேலையிலிருந்து ஒதுக்கிவைத்து, இராணுவத்தினர் 900 பேரை அவர்களின் இடத்துக்குக் கொண்டுவர வேண்டி வந்தது. எங்கட சவாரிகளில் ஓடுகிறவர்களுக்குத்தான் மருத்துவப் படிவம். சோறு போடுகிற தொண்டர் பொடியனுக்கு நேற்று வயித்தாலடியா என்று கேட்க யாரும் இல்லை. நூறு கோப்பையிலும் கை படுவது அவனுடைய கைதான்.

மலசலகூடத்துக்கு வருவோம். அகதி முகாம்களுக்கான ஸ்பியர் என்ற சர்வதேசத் தரநிலை 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்கிறது. முகாம் வாழ்க்கை என்றால் என்ன, வரிசையில் நிற்பது என்றால் என்ன என்று எங்கட சனத்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த ஆகக்குறைந்த அளவையே நாங்கள் விரும்பி நடத்துகிற ஒரு நிகழ்வில் கொடுக்க முடியவில்லை என்றால், ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பிரச்சினை. நல்ல மலசலகூடம் இல்லை என்பதற்காகவே தண்ணி குடிக்காமல் ஓடுகிற தோழிகளை எங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் தண்ணி குடிக்காமல் ஓடுவது தனியே ஒரு வருத்தத்தைக் கொண்டுவரும்.

ஏன் மறைக்கிறார்கள்?

இவ்வளவும் சொன்னது தண்ணி, சவர்க்காரம், சோறு பற்றி. ஆனால் எங்கள் கருத்தில் நோய் பரவுவதற்கான பெரிய காரணம் வேறு. வருத்தம் வந்தவர் அதைச் சொல்லுவதில்லை.

ஏன் சொல்லுவதில்லை என்று யோசியுங்கள். லண்டனில் இருக்கிற மாமா 'நீ ஓடி முடி, நான் காசு போடுறன்' என்று சொல்லியிருக்கிறார். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கம்பனி ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. முடித்தவர்களுக்குத்தான் பதக்கம். வட்ஸ்அப் குறூப்பில் வானில் ஏறினவர்களுக்குப் பகிடி. இந்த நிலைமையில் இரவு மூன்று தரம் மலசலகூடம் போன ஒருவன் விடிய எழும்பி என்ன சொல்லுவான்? 'நேற்று கொஞ்சம் உறைப்புச் சாப்பிட்டிட்டன், இப்ப ஓகே' என்பான். இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவான். அவனை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டோம். அவன் மறைப்பதற்கான எல்லா ஏற்பாட்டையும் நிகழ்வுதான் செய்து வைத்திருக்கிறது.

அதனால் எங்களுடைய முதலாவது கோரிக்கை சவர்க்காரம் இல்லை. காசையும் ஓடி முடிப்பதையும் பிரியுங்கள். பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள்: வருத்தம் வந்து நிற்கிறவரின் பெயரில் சேர்ந்த காசு ஒரு சதமும் குறையாமல் போய்ச் சேரும், அவருக்கும் அதே பதக்கம், அதே ரீசேட். புறப்படும் முன்பே வருத்தம் என்றால் பதிவுக் கட்டணம் அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரப்படும். காசு போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குக் காசு கொடுக்கிற மாமா, வருத்தக்காரன் சைக்கிள் ஓடினால்தான் கொடுப்பேன் என்று நிற்க மாட்டார்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஒரு சவாரியை நினைக்கிறோம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரை ஏழு நாள், 545 மைல், ஏறத்தாழ 877 கிலோமீற்றர். எய்ட்ஸ் நோயாளருக்கான சேவைகளுக்குக் காசு சேர்க்க 1994 இல் தொடங்கிய மரபு. 2002 இலிருந்து எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்ற பெயரில் 2025 வரை நடந்தது. எச்.ஐ.வி. யோடு வாழ்கிறவர்களே அதில் கூட்டமாகச் சேர்ந்து ஓடினார்கள். இது போட்டி அல்ல, சவாரி என்பது அங்கே பழகிப்போன பேச்சு. களைத்தவர் பஸ்ஸில் ஏறி முகாமுக்குப் போவதில் வெட்கம் இல்லை. 2020 இலும் 2021 இலும் கொரோனாவால் அந்தச் சவாரியை வழமைபோல நடத்தாமல் விட்டார்கள். ஒரு வைரஸை எதிர்த்துக் காசு சேர்க்கப் போய் இன்னொரு வைரஸைப் பரப்ப முடியாது என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. பெரிய நிதி நிகழ்வு ஒன்றே நிற்க முடியுமென்றால், எங்கட சவாரி ஒரு பொடியனை இரண்டு நாள் நிற்பாட்ட முடியாதா?

கடைசி நாள் படம்

நாங்கள் ஆக வலுவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். சவாரி முடிந்த கையோடு, வியர்வை காயாத ரீசேட்டோடு நேராக வாட்டுக்குள் போய் நோயாளருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சிறுவர் இல்லமானாலும் முதியோர் இல்லமானாலும் அதேதான்.

காசு சேர்த்து வைத்தியசாலை கட்டலாம் என்பதற்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எங்களுக்கு முன்னால் நிற்கிற சாட்சி. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணம் அதற்காகத்தான் காசு சேர்த்தது. அப்படியான வைத்தியசாலையில் கீமோ ஏற்றிய ஒருவரின் நிலையை யோசியுங்கள். அவருடைய வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும். எங்களுக்கு மூன்று நாள் தடிமனாக வந்து போவது அவருக்கு நிமோனியாவாக மாறலாம். எங்களுக்கு ஒரு நாள் வயித்தாலடி, அவருக்குச் சேலைன் ஏற்றுகிற நிலை. சாதாரண நாட்களில் அவருடைய சொந்தப் பிள்ளையே இருமலோடு போனால் மிஸ் உள்ளே விடமாட்டா. ஐந்து நாள் நூறு பேரோடு ஒன்றாகப் படுத்தெழும்பின நாங்கள் எந்த உரிமையில் உள்ளே போகிறோம்?

காசோலையை வெளிவாசலில் கொடுக்கலாம். பணிப்பாளரோடு முற்றத்தில் நின்று படம் எடுக்கலாம். நோயாளரைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், இரண்டு கிழமை கழித்து, சுகமாக இருக்கிற நாலு பேர், வாட்டில் கேட்டு, கை கழுவி, மாஸ்க் போட்டுப் போகலாம். கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

வலிக் குளிசையும் டெங்கும்

இன்னொரு ஆபத்தை இளம் ஆட்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் உடம்பு முழுக்க வலிக்கும். சைக்கிள் ஓடினால் வலிக்கத்தானே செய்யும் என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற குளிசைகளைப் பையில் வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் டெங்கும் இப்படித்தான் தொடங்கும், உடம்பு வலியோடும் காய்ச்சலோடும். டெங்கு உள்ளவர் இந்தக் குளிசைகளைப் போட்டால் இரத்தக்கசிவு ஆபத்துக் கூடும். காய்ச்சல் இருந்தால் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. காய்ச்சல் நாளில் சைக்கிள் இல்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை. 2017 இல் இந்த நாட்டில் 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நுளம்புக்கு ஓட்டக்காரர் என்றும் பார்வையாளர் என்றும் வித்தியாசம் தெரியாது. கொழும்பில் நுளம்பு கடித்தவர் ஒருவர் இரத்தத்தில் வைரஸோடு வன்னியில் வந்து படுத்தால், அங்கத்தைய நுளம்பு அவரைக் கடித்து அந்த ஊருக்குக் கொடுக்கும். முகாமில் நுளம்பு வலையும், மண்டபத்தைச் சுற்றித் தண்ணி தேங்காத நிலமும் அந்த ஊர்ச் சனத்துக்காகவும்தான்.

செய்யக்கூடியவை

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

சுகாதாரத்துக்கென்று ஒரு ஆளை நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம். ஒருவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், ஏற்பாட்டுக்குழுத் தலைவரே ஓடினாலும்கூட.

இரவு தங்கும் ஒவ்வொரு ஊரின் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றையும் சமையல் இடத்தையும் பார்ப்பார். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

சாப்பாட்டு வரிசை கை கழுவுகிற இடத்திலிருந்து தொடங்கட்டும். பைப் பூட்டின வாளி, சவர்க்காரம், பக்கத்தில் ஒரு தொண்டர். கையுறையோடு வந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். மூக்குத் துடைத்த கையுறை அது.

சத்தி, வயிற்றோட்டம் வந்தவர் தனி அறை, தனி மலசலகூடம், ஜீவனிக் கரைசல். கடைசியாகப் போனதிலிருந்து 48 மணித்தியாலம் கழியும் வரை கூட்டத்தோடு சேரக் கூடாது, அகப்பையில் கை வைக்கவே கூடாது. சத்தி விழுந்த இடத்தைக் கையுறை போட்டுத் துடைத்தெடுத்துக் கழுவி, பிறகு குளோரின் கரைசல் ஊற்றுங்கள். 5 சதவீதக் கரைசல் என்றால் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் அளவுக்குத் தண்ணி விட்டுக் கலக்க வேண்டும்.

இருமல், தடிமன் உள்ளவர் மாஸ்க் போட்டு, கூட்டத்தின் கடைசியில் ஓடட்டும், திறந்த விறாந்தையில் படுக்கட்டும். காய்ச்சலும் சேர்ந்தால் ஓட்டம் இல்லை.

துவாய், போத்தல், சைக்கிள் காற்சட்டை பகிர்வது இல்லை.

முடிந்து இரண்டு கிழமைக்கு வட்ஸ்அப் குறூப்பை மூட வேண்டாம். யாருக்காவது வருத்தமா என்று கேளுங்கள். வேல்ஸில் காரணத்தை விரைவாகக் கண்டுபிடித்தது, ஓடியவர்களிடம் இணையத்தில் கேள்விகள் கேட்டுத்தான்.

'மண் தின்று வளர்ந்த ஆட்கள் நாங்கள்'

இதற்கு வரும் பதில்களும் எங்களுக்குத் தெரியும். 'நாங்கள் மண்ணுக்குள்ள வளர்ந்த ஆட்கள், எங்களுக்கு ஒண்டும் வராது.' உங்களுக்கு வராமல் இருக்கலாம். அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை உங்களோடு பக்கத்துப் பாயில் படுக்கிறவருக்கும், நீங்கள் போய்ச் சேரும் வீட்டுக்கும்தான்.

'காசு சேர்க்கிறது ஏழைகளுக்கு, அதைச் சவர்க்காரத்தில் கொட்டுறதோ?' வாளியும் சவர்க்காரமும் ஜீவனியும் சேர்ந்தாலும் ரீசேட்டுக்குப் போகிற செலவுக்குக் கிட்ட வராது. ரீசேட்டுக்கு ஸ்பொன்சர் பிடிக்கிறவர்கள் சவர்க்காரத்துக்கும் பிடிக்கலாம். சவர்க்காரக் கம்பனிகள் நாட்டில் இருக்கின்றன.

'இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்.' இல்லவே இல்லை. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் கால்நடையாகப் போகிற மரபு எங்களுடையது. பிரித்தானியர் காலத்தில் கொலராப் பயத்தால் கதிர்காம யாத்திரைக்கே கட்டுப்பாடுகள் போடப்பட்டன. கூட்டமாகப் போகிற பயணமும் நோயும் பற்றிய கதை எங்களுக்குப் புதிதில்லை. கால் கை கழுவி உள்ளே வருவது, எச்சில் பார்ப்பது, வருத்தக்காரருக்குத் தனிப் பாயும் தனிக் கோப்பையும் வைப்பது, இவை எங்கட வீடுகளில் இருந்தவைதான்.

வாசிக்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த சவாரிக்குப் பெயர் கொடுக்க முன்னர் ஏற்பாட்டாளர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வருத்தம் வந்து நான் நின்றால் என் பெயரில் சேர்ந்த காசு என்ன ஆகும்? இருபது பேருக்கு ஒரு மலசலகூடமும் சவர்க்காரமும் இருக்குமா? கடைசி நாள் வாட்டுக்குள் போகிறோமா, வெளியில் நிற்கிறோமா? பதில் இல்லையென்றால் கோபிக்க வேண்டாம், நீங்களே போய் அந்தச் சுகாதாரப் பொறுப்பை எடுங்கள். அதற்கு ரேசிங் சைக்கிள் தேவையில்லை. நாலு வாளியும், சத்தமாகக் கதைக்கக்கூடிய ஒரு ஆளும் போதும்.